தேர்தல் வராத வார்டில் நான் வேட்பாளர்

எங்கள் வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். அன்றைக்குக் கட்சிக்காரர்கள் ஒரு கும்பலாக வந்திருந்தார்கள். வார்டுத் தலைவர் மட்டும் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியும் அவருடையதுதான். எங்கள் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, பந்தலும் நாற்காலியும் அண்டாவும் வாடகைக்கு விடுகிறவர் அவர். யார் வீட்டிலும் உட்கார இடமிருக்காது என்று தெரிந்து கையோடு ஒரு நாற்காலி கொண்டுவந்துவிடுவார்.

"டீச்சர், நம்ம வார்டு லேடீஸ் ரிசர்வ் ஆயிடுச்சு. அதுவும் எஸ்.சி. லேடீஸ். நீங்கதான் கேண்டிடேட்" என்றார்.

நான் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். "இன்னாண்ணா, காலங்காத்தால விளையாடுறீங்களா?" என்றேன்.

"விளையாட்டு இல்ல. மேல இருந்து ஒருத்தர் வந்திருக்கார் பாருங்க. உங்க பேக்ரவுண்ட் என்ன, ப்ரையாரிட்டி என்ன, ரெண்டையும் சுருக்கமா சொல்லிடுங்க."

மேலே இருந்து வந்தவர் வாசற்படியில் செல்போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல செண்டு. நான் சொல்லச் சொல்ல அதில் டைப் அடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்.

என் பின்னணி என்று பெரிதாக என்ன இருக்கிறது? அப்பா கார்ப்பரேஷனில் தெரு கூட்டினார். இந்த ஊரில் அவர்களைப் பௌரகார்மிகர் என்பார்கள். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பக்கத்தில் இருந்த இலவசப் பள்ளிக்கூடம் கன்னடப் பள்ளிக்கூடம் என்பதால் நான் கன்னடத்தில் படித்தேன். பிறகு இதே பேட்டையில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் கன்னட டீச்சர் ஆனேன். வீட்டில் தமிழ் பேசுகிறவள் பள்ளியில் கன்னடம் சொல்லிக்கொடுப்பது சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. மாதச் சம்பளம் வந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் பேக்ரவுண்ட் மேடம்! பௌரகார்மிகர் மகள், கன்னட டீச்சர், தமிழ் ஓட்டு. மூணும் ஒரே ஆள்ல கிடைச்சிருக்கு" என்றார். சிக்பேட்டைக் கடையில் புடவையை விரித்துப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டீ ஆறிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

ப்ரையாரிட்டி கேட்டபோது இரண்டு சொன்னேன். கீழ்த்தெருவில் குடிதண்ணீர்க் குழாயோடு சாக்கடை கலக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். மார்க்கெட் பக்கம் வியாபாரம் செய்யும் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். மூன்றாவது ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை நான் சொல்லவில்லை. ஆனால் என் மனதில் முதலிடத்தில் இருந்தது அதுதான். ஹெப்பகோடிக்குக் குடிபோக வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஹெப்பகோடியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே எழுந்து மெஜஸ்டிக் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, வேலைக்குப் போய், அதே வழியில் திரும்பி வருவார். வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுத்துவிடுவார். ஷூ பதிந்த தடம் கணுக்காலில் அப்படியே இருக்கும். அங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். தனிச் சமையலறை, காற்று வருகிற ஜன்னல், வீட்டுக்குள்ளேயே குழாய். மகள் அப்போது பத்தாவது. தன் மேசையை எந்தச் சுவரோரம் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். அவள் பரீட்சை முடிந்ததும் கிளம்புவதாக அந்த வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் சொல்லியும் வந்திருந்தோம்.

பிறகு ஏன் ஒப்புக்கொண்டேன்? ஆசைதான். வேறென்ன. அப்பா கவுன்சிலர் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். ஒரு தடவைகூட கேட்டுக்கு உள்ளே போனதில்லை. வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்பார். சம்பளம் வரவில்லை என்று சொல்லப் போனாலும் அப்படித்தான் நிற்பார். அந்த கேட்டை நான் உள்ளிருந்து திறக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை விரட்ட முடியவில்லை.

வீட்டுக்காரர் தடுக்கவில்லை. "ரெண்டு மூணு மாசத்துல எலெக்‌ஷன் வந்துடும்னு சொல்றாங்க. ஜெயிச்சா இங்க இருப்போம், தோத்தா கிளம்பிடுவோம். எப்படியும் ஒரு முடிவு தெரிஞ்சிடும்" என்றார். மனைவி பதவியில் புருஷன் சவாரி செய்கிற கதைகளை எல்லாரும் கேட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவருக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு வேலை, நல்ல தூக்கம், சூடாகக் கொஞ்சம் சோறு.

ஹெப்பகோடி பெங்களூரு மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓட்டை அங்கே மாற்றினால் இங்கே வேட்பாளராக முடியாது. ஓட்டை இங்கேயே வைத்துவிட்டு ஆள் மட்டும் போகலாமா என்று வார்டுத் தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். "நீங்க போன மறுநாளே எதிர்ப்பார்ட்டிக்காரன் மைக் கட்டிடுவான் டீச்சர். வெளியூர்க்காரிக்கு இங்க இன்னா வேலைன்னு கேப்பான். கொஞ்ச நாள்தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார்.

அட்ஜஸ்ட் செய்தேன். தேர்தல் வரவில்லை.

வார்டுகளைத் திரும்பப் பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரித்ததும் ரிசர்வேஷன் சரியில்லை என்று யாரோ கோர்ட்டுக்குப் போனார்கள். தேர்தல் இதோ என்றார்கள், பள்ளிப் பரீட்சை வருகிறது என்றார்கள், மழை என்றார்கள். பிறகு ஒரே கார்ப்பரேஷனை ஐந்தாக உடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் எங்கள் தெரு எந்த வார்டில் விழுந்திருக்கிறது என்று தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. எந்த வார்டில் விழுந்தாலும் ரிசர்வேஷன் மட்டும் மோப்பம் பிடித்து என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. மாறித் தொலைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

இதற்கு நடுவில் என் வேலை போனது. பள்ளி நிர்வாகி நல்ல மனிதர்தான். கூப்பிட்டு உட்காரவைத்து, "ரெண்டு கட்சிப் பேரண்ட்ஸும் இருக்காங்க டீச்சர். எனக்குத் தர்மசங்கடமா இருக்கு. எலெக்‌ஷன் முடிஞ்சதும் வாங்க" என்றார். எலெக்‌ஷன் முடிய வேண்டுமென்றால் முதலில் அது ஆரம்பிக்க வேண்டுமே. நான் முன்னறையில் ட்யூஷன் எடுக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரரால் பஸ் அலைச்சல் தாங்கவில்லை. கூட வேலை செய்பவர்களோடு ஹெப்பகோடியில் ஒரு ரூமில் சேர்ந்துகொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். நாங்கள் பார்த்து வைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று ஒரு சனிக்கிழமை சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றில் ரசம் ஊற்றச் சொன்னார்.

எனக்கு வாய் ஜாஸ்தி என்பது பேட்டைக்கே தெரியும். வேட்பாளர் ஆனதிலிருந்து அந்த வாய்க்குப் பூட்டு. காய்கறி வண்டிக்காரர் சொத்தைக் கத்திரிக்காயைத் தலையில் கட்டினாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் வீட்டில் ஏழு ஓட்டு. மாரியம்மன் கோயில் கூழுக்கும் போக வேண்டும், சர்ச் தேர்த் திருவிழாவுக்கும் போக வேண்டும். ஒரு வீட்டு மஞ்சள் நீராட்டுக்குப் போய் அடுத்த வீட்டு வளைகாப்புக்குப் போகவில்லை என்றால் தீர்ந்தது. எங்கே பார்த்தாலும் கைகூப்பிக் கைகூப்பி அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் பையோடு உள்ளே நுழைந்தபோது அவரையும் கைகூப்பிக் கும்பிட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது.

ஸ்ரீராம்புரத்தில் ஒருவர் இறந்துபோனால் சொந்தக்காரர்கள் வேலூர், ஆம்பூர், தங்கவயல் என்று நாலா பக்கமிருந்தும் வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் உடலைக் கிடத்த ஃப்ரீசர் பெட்டி வேண்டும். வார்டுத் தலைவருக்கு அதில்தான் யோசனை உதித்தது. "ஓட்டு கேட்டுப் போனா கதவைச் சாத்துவான். சாவு வீட்டுக்கு எவன் டீச்சர் கதவைச் சாத்துவான்? நம்ம வார்டுக்கு நம்ம பேர்ல ஃப்ரீயா ஒரு பெட்டி" என்றார். நல்ல காரியமாகத்தான் எனக்கும் பட்டது. சரி என்றேன்.

பெட்டி வந்து இறங்கியபோது பார்க்கிறேன், அதன் பக்கவாட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் என் படம். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்தது. பட்டுப் புடவை, மல்லிகைப் பூ, கைகூப்பி, பல் தெரியச் சிரிப்பு. கீழே தமிழிலும் கன்னடத்திலும் 'என்றும் உங்கள் சேவையில்' என்று எழுதியிருந்தது.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு? உங்களுக்குக் கலர் தூக்கலா போட்டிருக்காங்க" என்றார்.

பேட்டைச் சங்கக் கட்டிடம் மழைக்கு ஒழுகும், கரண்டில் ஓடும் பெட்டி நனைந்தால் கெட்டுவிடும். அதனால் பெட்டி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் நாலு பேர்கூட உட்கார முடியவில்லை. ட்யூஷன் பிள்ளைகள் மூடிமேல் நோட்டை வைத்து எழுதினார்கள். மகள் அதன் ஓரமாகப் பாய் விரித்துப் படித்தாள். கல்லூரித் தோழிகளை அவள் வீட்டுக்குக் கூட்டிவந்ததே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

முதன்முதலில் பெட்டி போனது பக்கத்துச் சந்து டெய்லர் வீட்டுக்கு. அவருடைய தம்பி வாலிப வயதில் போய்விட்டார். வாசலில் பந்தல், பறை, கூட்டம். பெட்டியை வைத்துத் தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். கண்ணாடிக்குக் கீழே அவர் கிடந்தார். அதற்குக் கீழே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். செத்தவரின் மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழுதவள், ஒரு நிமிஷம் நிறுத்திப் படத்தைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தில் கைகூப்பி நின்ற என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மறுநாளே படத்தின்மேல் செய்தித்தாள் ஒட்டினேன். வார்டுத் தலைவர் வந்து ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, "முகம் தெரியாம எதுக்கு டீச்சர் சேவை?" என்றார்.

பெட்டி ஓயவே இல்லை. சாவு விழுந்தால் முதல் போன் எனக்கு. நானும் கூடப் போக வேண்டும், ஏனென்றால் பிளக் பாயிண்ட் பார்த்து மாட்டி, குளிர் சரியாக நிற்கிறதா என்று பார்க்க எனக்குத்தான் தெரியும். கன்னட இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் சாவு வீடுகளில் எக்ஸ்டென்ஷன் வயர் தேடிக்கொண்டிருந்தேன்.

நாளடைவில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன். சந்தில் நான் நடந்து வந்தால் பேச்சு நின்றது. "யாருக்கா?" என்று கேட்டார்கள். "யாருமில்ல, பால் வாங்கப் போறேன்" என்றால்தான் மூச்சு விட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என் கண்ணில் படாமல் முந்தானையில் மூடித் தூக்கிப்போனார்கள். எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேட்பாளர் என்பதற்காக இல்லை, அக்கம்பக்கத்துப் பழக்கத்துக்காக, இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இப்ப வேணாம். நேத்து ஜன்னல் வழியா உங்களப் பாத்துட்டு ராத்திரியெல்லாம் அவரு தூங்கல."

இளநீரை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். ஓட்டுக்காக வீடு வீடாகப் போ என்கிறார்கள். எந்த வீட்டுக்கும் போக முடியாத மாதிரி செய்ததும் அவர்களேதான். போனிலேயே வார்டுத் தலைவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பப்ளிசிட்டி அந்த அளவுக்கு ஆழமாப் போயிருக்கு டீச்சர்" என்றார்.

விட்டுவிடலாமே என்று மகள் சொன்னாள். அவளுக்கென்ன, சொல்வது சுலபம். வேலையை விட்டாயிற்று, வீட்டை விட்டாயிற்று, வருஷங்களை விட்டாயிற்று. இதையும் விட்டால் எதற்காக அவ்வளவையும் விட்டேன் என்று ஆகிவிடாதா? பஸ் வராத ஸ்டாப்பில் இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே என்பதற்காகவே மேலும் நிற்கிறோம் இல்லையா, என் பாடும் அப்படித்தான் இருந்தது.

கடைசியில் நான் விடவில்லை, அவர்கள்தான் விட்டார்கள். இந்தத் தடவை தேர்தல் நிச்சயம் என்று பேச்சு அடிபட்டபோது, அதே வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். கொஞ்சம் தலை நரைத்திருந்தது. பேட்டைக்காரர்களிடம் போனில் கருத்துக் கேட்டார்களாம்.

"உங்களத் தெரியாத ஆளே இல்ல மேடம். ஆனா, பேரைச் சொன்னதும், 'அந்தப் பெட்டிக்கார அக்காவா'ன்னு கேக்கறாங்க. உங்க முகத்தப் பாத்தா சாவு ஞாபகம் வருதாம். போஸ்டர்ல எப்படிப் போடறது, சொல்லுங்க."

மேல்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு டிக்கெட் கொடுக்கப் போவதாகச் சொன்னார். வார்டுத் தலைவர் தான் கொண்டுவந்த நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானமே ஆள்கள் வந்து பெட்டியைச் சங்கக் கட்டிடத்துக்குத் தூக்கிப்போனார்கள். மழைக்கு அது ஒழுகுமே என்று யாரும் பேசவில்லை.

முதலில் அவமானம். உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு நாள் உழைத்தது என் முகத்தில் கரி பூசிக்கொள்ளத்தானா என்று ஆத்திரப்பட்டேன். சாயங்காலம் காய்கறி வண்டி வந்தது. வண்டிக்காரர் வழக்கம்போல சொத்தைக் கத்திரிக்காயைத் தராசில் போட்டார். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கூடையிலேயே திரும்பப் போட்டுவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். என்ன சுகம்! அந்தச் சுகத்தில்தான் எனக்குப் புரிந்தது, எனக்கு விடுதலை கிடைத்திருக்கிறது என்று. உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் மெஷின் சத்தம்.

"ஏங்க, என்னக் கழட்டி விட்டுட்டாங்க."

"நெஜமாவா?" என்றார். மெஷின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து, "நெஜமாத்தானா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவர் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வாரமே வீடு பார்த்துவிட்டார். முன்பு பார்த்து வைத்திருந்த வீட்டைவிடச் சின்னது, ஆனால் ஜன்னல் உண்டு. மகளுக்கும் டிகிரி முடிந்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. எல்லாம் கூடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போ வந்தது. எங்கள் சந்துக்குள் டெம்போ நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு நாங்களும் டிரைவருமாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனோம். பீரோ, கட்டில், மகளின் புத்தக மூட்டை, என் ட்ரங்குப் பெட்டி. வீட்டுக்காரர் இருபது வயசுப் பையன் மாதிரி ஓடி ஓடி ஏற்றினார். அடுப்பும் அரிசி டப்பாவும்தான் மிச்சம்.

அப்போது கீழ்த்தெருப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கையில் தண்ணீர் பாட்டில். அதிலிருந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

"டீச்சர், ரெண்டு நாளா இப்படித்தான் வருது. பசங்களுக்கு வாந்தி, பேதி. வாட்டர்மேனக் கேட்டா வால்வு தொறக்கறதுதான் என் வேலைன்றான். புதுசா நிக்கிற பொண்ணுகிட்ட போனோம். போட்டோ எடுத்துக்கிச்சு, குரூப்ல போட்டுடறேன்னு சொல்லிச்சு."

"நான் இப்ப யாரும் இல்லம்மா. டெம்போ நிக்குது பாருங்க, நாங்க கிளம்பறோம்" என்றேன்.

அவள் கெஞ்சவில்லை. பாட்டிலின் மூடியைத் திறந்து என் மூக்கருகில் நீட்டினாள். சாக்கடை நாற்றம் அடித்தது. போனை எடுத்துக் குடிநீர் வாரிய எஞ்சினியரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விடாமல் அடித்தேன். கடைசியில் எடுத்தார். இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த வாயை முழுசாகத் திறந்தேன். இந்தத் தண்ணீரை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா சார் என்று கன்னடத்தில் கேட்டேன். ஒழுங்கான கன்னடம், ஒரு பிழை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மேடம் என்றார். பேதிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்டேன். குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தோண்டிப் பார்க்க நாலைந்து நாள் ஆகும், சாயங்காலம் ஆள் அனுப்புகிறேன், அவர்களுக்கு லைன் காட்ட ஸ்பாட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

"நான் இருக்கேன். தோண்டி முடிச்சு நல்ல தண்ணி வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவருக்கும் கன்னடம் நன்றாகப் புரியும். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. அடுப்பைத் திரும்பக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்து, கேஸ் டியூபை மாட்டி, பற்றவைத்துப் பார்த்து அணைத்தார். தெருமுனைக்குப் போய் டெம்போவில் இருந்து என் ட்ரங்குப் பெட்டியை மட்டும் தோளில் தூக்கிவந்து இறக்கினார்.

"நாலு நாள்ல வந்துடறேங்க" என்றேன்.

"அவசரமில்லம்மா. பாத்துட்டு நிதானமா வா" என்றார்.

மகள் டெம்போவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "அடுப்ப நீயே வச்சுக்கோம்மா, நாங்க அங்க ஒண்ணு வாங்கிக்கறோம்" என்றாள். அவளிடமும் கோபம் இல்லை. இருவரில் ஒருவராவது கத்தியிருக்கலாம். என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து ஏற்றியிருக்கலாம். அதற்காகத்தான் அங்கேயே நின்றேன். டெம்போ போய்விட்டது.

குழாய் தோண்டினார்கள். மண்ணுக்குள் துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்த குழாயை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள். நான் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது நாளிலிருந்து யாரும் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. குழிக்கு எதிர்வீட்டில் எனக்குக் காலை நாஷ்டாவே கொடுத்தார்கள். மார்க்கெட் கழிப்பறை விஷயம் என்ன ஆச்சு டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் ஓர் ஆபீஸரைப் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன். தேர்தல் இன்னும் வரவில்லை. அது வந்தாலும் எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஹெப்பகோடிக்குப் போனேன். இப்போது மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, சில்க் போர்டில் மாட்டிப் போகிறவள் நான். மகள் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் வேண்டும் என்று எழுந்து போனேன், எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "நீ உட்காரும்மா" என்று அவளே எடுத்துவந்தாள். ராத்திரி எனக்கு நல்ல போர்வையைக் கொடுத்தார்கள், விருந்தாளிக்குக் கொடுப்பதைப் போல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார்.

"தண்ணி சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆயிடுச்சுங்க. இப்ப நல்லா வருது."

"அப்புறம்?" என்றார்.

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். வந்துவிடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை. வருகிறேன் என்று நானாகவும் சொல்லவில்லை. பஸ் வந்தது. அவர் கூடவே ஏறி, பையை என் மடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி, எனக்குக் கைகாட்டாமல், பஸ் எடுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றார்.